ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே: நாகர்கோவிலில் பத்து வருஷம் வண்டி மாறிய அனுபவம்

என் வீடு இராஜாக்கமங்கலம் பக்கம். வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், 'சாலை' என்கிற கடைத்தெருவில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. 2012-இல் ஆரம்பித்து 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றுபோன நாள் வரைக்கும் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வந்தேன். 2022-இலிருந்து அம்மாவுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. மாதம் ஒன்று இரண்டு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் போகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். இத்தனை வருஷத்தில் அந்த 70 கிலோமீட்டரில் நான் பட்ட பாடு ரொம்பக் குறைவு. பட்டதெல்லாம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே கிடக்கிற இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான். பஸ்ஸை விட்டது, மழையில் நனைந்தது, அம்மாவை நடக்க வைத்துக் கஷ்டப்படுத்தியது எல்லாம் அந்தத் துண்டுக்குள்தான் நடந்திருக்கிறது. புதிதாக இந்தப் பாதையில் போகப்போகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கோ படிக்கவோ ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் போகிற வீடு நம்ம மாவட்டத்தில் தெருவுக்கு நாலாவது இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ரயில்வே ஸ்டேஷன் இரண்டு, பெரிய பஸ் ஸ்டாண்டும் இரண்டு. கோட்டாறில் இருப்பது ஜங்ஷன். வடசேரிக்குக் கொஞ்சம் கிட்டத்தில், ஊரின் அந்தப் பக்கமாக இருப்பது டவுன் ஸ்டேஷன். பஸ் ஸ்டாண்டில் ஒன்று மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் ஸ்டாண்டு. கன்னியாகுமரி, இராஜாக்கமங்கலம் என்று சுற்றுவட்டாரத்துக்குப் போகிற டவுன் பஸ்கள் அங்கே. மற்றது வடசேரி, கிறிஸ்டோபர் பஸ் ஸ்டாண்டு. திருநெல்வேலி, மதுரை, சென்னை, திருவனந்தபுரம் என்று தூரம் போகிறவை அங்கே. இந்த நாலும் நாலு இடத்தில் இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் பஸ் நிற்கும் என்கிற வசதி நமக்கு இல்லை.

திருவனந்தபுரத்தில் அது உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷனின் முன்வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. பின்வாசல் வழியாகப் போனால் பவர் ஹவுஸ் ரோடு, அங்கிருந்து சாலைக் கடைத்தெரு நடந்துபோகிற தூரம். முதல் நாள் வேலைக்குப் போனபோது அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது, மலையாளமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் ஒருவரிடமும் வழி கேட்காமல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து சொந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் எப்படி வீட்டுக்குப் போவது என்று நின்றேன். அந்த நினைப்பு இன்னும் மாறவில்லை.

சரி, இரண்டு ஸ்டேஷன் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் பெரிதாக அடிபட்டேன்.

திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி பாதை 1979-இல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பாதை 1981-இல் வந்தது. இந்த இரண்டு பாதையும் ஜங்ஷனுக்குள் ஒரே பக்கமாக வந்து நுழைகின்றன. அதனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து திருவனந்தபுரம் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டால் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித்தான் கிளம்ப முடியும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க, சில வண்டிகள் ஜங்ஷனுக்கு வராமலே பைபாஸ் பாதையில் திரும்பி, டவுன் ஸ்டேஷனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். எட்டு வருஷம் சீசன் டிக்கெட் வைத்திருந்த எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒருநாள் தப்பு செய்தேன்.

2022 ஆகஸ்ட் என்று நினைவு. அம்மாவுக்குக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கணும். கூட்டத்தில் அவளால் நிற்க முடியாது என்று அத்தான் முன்பதிவு செய்து டிக்கெட்டைப் போனில் அனுப்பியிருந்தார். நான் வண்டியின் நேரத்தையும் பெட்டி நம்பரையும் மட்டும் பார்த்தேன். பழக்க தோஷம், ஆட்டோவில் நேராகக் கோட்டாறு போய் இறங்கினோம். அம்மா கையில் ஒரு துணிப்பை. உள்ளே பழைய சீட்டுகள், எக்ஸ்ரே, ஒரு பாட்டில் வெந்நீர், நாலைந்து மட்டிப் பழம். பிளாட்பாரத்துப் பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு போர்டைப் பார்த்தால் அந்த வண்டியின் பெயரே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என் போனை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதுல என்ஜேடின்னு போட்டிருக்கே. இது டவுனுல்லா" என்றார்.

வண்டி வர பதினெட்டு நிமிஷம் இருந்தது. அம்மாவைப் படியிறக்கி, ஆட்டோ பிடித்து, காலை நேரத்து ஸ்கூல் பஸ்களுக்கு நடுவே டவுன் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது, கடைசிப் பெட்டியின் பின்பக்கத்துச் சிவப்பு விளக்குதான் தெரிந்தது. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த வண்டி எப்பம் மக்களே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் டாக்டர் போய்விடுவார். திரும்ப ஆட்டோ, வடசேரி, அங்கிருந்து திருவனந்தபுரம் பஸ். வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று வளைந்து வளைந்து போகிற ரோடு. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகு அந்த இடத்து நெருக்கடி குறைந்திருக்கிறது, ஆனால் மற்ற இடங்களில் பஸ் ஊர்ந்துதான் போகும். முதுகுவலிக்காரியை அந்த ஜன்னலோரத்தில் சாய்த்துக்கொண்டு போன நேரம் எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கெஞ்சித்தான் பார்க்க முடிந்தது.

அன்றிலிருந்து டிக்கெட் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஸ்டேஷன் குறியீட்டைத்தான். என்சிஜே என்றால் கோட்டாறு ஜங்ஷன். என்ஜேடி என்றால் டவுன். நேரத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். வேறு யாராவது டிக்கெட் எடுத்துத் தந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆட்டோக்காரரிடமும் 'ரயில்வே ஸ்டேஷன்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நம்ம ஊரில் கோட்டாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'டவுன் ஸ்டேஷன்' என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

இறங்கும்போதும் இதே யோசனை வேண்டும். நான் போய்வந்த பாசஞ்சர் வண்டி இரண்டு ஸ்டேஷனிலும் நிற்கும். ஆரம்பத்தில், ஜங்ஷன்தான் பெரிய ஸ்டேஷன் என்று எல்லோரும் அங்கேயே போய் இறங்குவோம். வடசேரியில் பஸ் மாறவேண்டியவர்கள்கூட. அப்புறம்தான் தெரிந்தது, டவுனிலிருந்து ஜங்ஷன் பக்கம்தான் என்றாலும் சில நாள் சிக்னலுக்காகவும் பிளாட்பாரம் காலியாவதற்காகவும் வண்டி நடுவில் நின்றுவிடும். அந்தக் கால்மணி நேரத்தில் வடசேரிக்காரர் டவுனில் இறங்கி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தே விடலாம். அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: திருநெல்வேலி, பூதப்பாண்டி என்று வடசேரியில் பஸ் ஏறுகிறவர்களும், பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம் பக்கம் வீடு உள்ளவர்களும் டவுனில் இறங்குவார்கள். அண்ணா பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறவர்கள் ஜங்ஷன் வரை போவார்கள். நான் இரண்டாவது கூட்டம்.

தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல் பக்கத்துக்காரர்கள் நாகர்கோவிலுக்கே வரவேண்டாம், அதற்கு முன்னால் வருகிற இரணியல் ஸ்டேஷன் போதும். மார்த்தாண்டத்தைச் சுற்றி உள்ளவர்களுக்குக் குழித்துறை. இது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சென்னையிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லா வண்டியும் இரணியலில் நிற்கும் என்று நம்பி டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். நிற்காத வண்டியும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைசி பஸ் விஷயம். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இதுதான் உயிர்.

அந்த நாட்களில் எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு. அதை விட்டால் ஆட்டோதான். ஒரு நாள் சம்பளத்தில் பாதி போய்விடும். ரயிலோ அப்போது ஒற்றைப் பாதையில்தான் வந்தது. எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் வருஷம் முழுக்க நான் ஜங்ஷனில் இறங்கிய பிறகுதான் மணி பார்த்தேன். பார்த்துவிட்டு ஓடுவேன். ஓடி அண்ணா பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.

என்னோடு வருகிற ஒரு அண்ணாச்சி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுக்கு அடிக்கடி போய்வருவார். அவர்தான் சொல்லித் தந்தார். "ஜங்ஷன்ல வந்து மணி பாத்து என்ன செய்ய? இரணியல்ல பாரும்" என்றார். அதாவது வண்டி இரணியலை விட்டுக் கிளம்புகிற நேரத்தை வைத்து முடிவு எடுக்கணும். நான் ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். இரணியலில் கிளம்பிய நேரம், டவுன், ஜங்ஷன், அண்ணா பஸ் ஸ்டாண்டில் கால் வைத்த நேரம், நாலு கட்டம். மாதக் கடைசியில் பார்த்தால் எனக்கு ஒரு நேரம் கிடைத்தது. ஒன்பதுக்கு முன்னால் இரணியல் தாண்டிவிட்டால் பஸ் கிடைக்கும். தாண்டாவிட்டால் கிடைக்காது, அங்கேயே தம்பிக்குப் போன் போட்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு வரச் சொல்லிவிடவேண்டும். அவன் வீட்டிலிருந்து வந்து சேரவும் நான் இறங்கவும் சரியாக இருக்கும்.

உங்கள் ஊர், உங்கள் பஸ், உங்கள் நேரம் வேறு. ஆனால் அந்த நோட்டை ஒரு மாதம் போடுங்கள். இரண்டு ரூபாய்ப் பேனா செய்கிற வேலை அது. இப்போது போனில் வண்டி எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப் எல்லாம் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். வண்டி எங்கே என்று அது சொல்லும். எங்கே வரும்போது நீங்கள் போன் போடணும் என்பது நோட்டில்தான் கிடைக்கும்.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லணும். ராத்திரி வண்டியில் ஜங்ஷனில் இறங்கி அண்ணா பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சீசன்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆளாளுக்கு ஓடுவோம், ஆளாளுக்கு ஆட்டோ பேசுவோம். பேசி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஒருநாள் மழையில் ஐந்து பேர் ஒரு தகரக் கூரையின் கீழ் நின்றபோதுதான் இந்த யோசனை வந்தது. வழக்கமாக அங்கே நிற்கிற இரண்டு ஆட்டோக்காரர்களிடம் பேசினோம். தினமும் இந்த வண்டிக்கு ஆட்டோவுக்கு மூன்று பேர் வருவோம், தலைக்கு இவ்வளவு, மாதக் கடைசியில் மொத்தமாகத் தந்துவிடுகிறோம் என்றோம். ஒருவர் ஒத்துக்கொண்டார். "வண்டி லேட்டுன்னா போன் அடியுங்க, அதுக்குள்ள ஒரு சவாரி போயிட்டு வந்துருவேன்" என்றார். அடுத்த வாரம் மற்றவரும் வந்தார். நாலு வருஷம் அது ஓடியது. பேரம் பேசுகிற நேரம் போனது, ஓட்டம் போனது. பெண்கள் மூன்று பேர் எங்களோடு வருவார்கள், அவர்களுக்கு அந்த ஆட்டோ நிற்கிறது என்ற தைரியமே பெரிசு. அந்த ஆட்டோக்கார அண்ணன் ஒருவரின் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தபோது எங்கள் பெட்டியில்தான் லட்டு கொடுத்தார். நீங்கள் தினமும் ஒரே வண்டியில் போகிறவர் என்றால், பக்கத்து சீட்டுக்காரர் எந்த பஸ்ஸுக்குப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு அதைக் கேட்க இரண்டு வருஷம் ஆயிற்று, அதில் எனக்கு இன்னும் வருத்தம்.

சீசன் டிக்கெட்டில் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதச் சீசன், மூன்று மாதச் சீசன் இரண்டும் உண்டு. டவுனிலிருந்து எடுக்காமல் ஜங்ஷனிலிருந்து எடுத்துவிடுங்கள். நடுவில் டவுனிலும் ஏறலாம், இறங்கலாம், இரண்டு பக்கமும் உங்களுக்குத் திறந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் தனிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். பகல் நேரத்தில் சில எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓரிரு ஸ்லீப்பர் பெட்டியை முன்பதிவில்லாதவர்களுக்கு விட்டிருப்பார்கள், எது என்று கேட்டு ஏறுங்கள். அடையாள அட்டை கூடவே இருக்கட்டும். காலாவதியாகிற தேதியை நான் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பேன். ஒருதரம் மறந்து அபராதம் கட்டியிருக்கிறேன்.

போனில் எடுக்கிற சாதாரண டிக்கெட் என்றால் பிளாட்பாரத்தில் வந்து நின்றுகொண்டு எடுக்கப் பார்க்காதீர்கள். ஸ்டேஷனுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டால் எடுக்க விடாது. பஸ்ஸிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். கொரோனாவுக்கு அப்புறம் பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கி வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் திரும்பப் பத்துக்கு வந்தது. இரணியலிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று கூட இருந்து பார்த்தவன் நான். குறைந்த அன்று ஒரு அக்கா டிக்கெட்டை என்னிடம் நீட்டி "பாத்தியளா, பத்து ரூவா" என்று காட்டினார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. இதனால் ஒரு கணக்கு மாறியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்குத் தருகிற காசை, கொஞ்சம் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டால் பெண்கள் மிச்சம் பிடிக்கலாம். என் மனைவி அப்படித்தான் செய்கிறாள். ஆனால் எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு அது பொருந்தாது, ஏறும்முன் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரயில் பாதை மேடுகளை வெட்டி, ஆழமான பள்ளங்களுக்குள் போகிறது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர் மாதிரி நிற்கும். பெரிய மழை என்றால் அந்த மண் இறங்கிவிடும். 2021 நவம்பர் மழையில் இந்தப் பாதையில் அப்படி மண் சரிந்து ரயில்களை ரத்து செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மழை நாளில் எங்கள் வண்டி குழித்துறையில் ஒரு மணி நேரம் நின்றது. எப்போது கிளம்பும் என்று கார்டுக்கும் தெரியவில்லை. பாதிப்பேர் காத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேர் இறங்கி ஆட்டோவில் மார்த்தாண்டம் போய் நாகர்கோவில் பஸ் பிடித்தோம். வண்டி அன்று நடுராத்திரிக்கு மேல்தான் வந்து சேர்ந்தது என்று மறுநாள் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எங்கே இறங்குவது என்பதுதான். மழை நாளில் பாறசாலை, குழித்துறை, இரணியல் இந்த மூன்றில் ஒன்றில் வண்டி நின்றால் யோசியுங்கள். மூன்றிலிருந்தும் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிக்க வழி உண்டு. நடுவில் சின்ன ஸ்டேஷனிலோ வெட்டவெளியிலோ நின்றுவிட்டால், இருட்டில் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிற வேலை வேண்டவே வேண்டாம். உள்ளேயே இருந்துவிடுங்கள்.

திருவிழாக் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் மூன்றாம் தேதி வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. ஜங்ஷனுக்குப் போகிற ரோடெல்லாம் கூட்டம். அந்தப் பத்து நாளும் நான் ஒரு பஸ் முன்னாடியே கிளம்பிவிடுவேன். அதே சமயத்தில் ஐயப்ப சீசனும் சேர்ந்துவிடும், கன்னியாகுமரி வருகிறவர்கள் கூட்டத்தில் பொதுப்பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. வயசானவர்களைக் கூட்டிப்போகிற வேலையைத் தள்ளிவைக்க முடிந்தால் அந்த நாட்களில் தள்ளிவையுங்கள்.

வயசானவர்களோடு போவது தனி வேலை, தனியாகப் போகிற கணக்கு அதற்கு உதவாது. நான் தனியாகப் போனால் பத்து நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு அம்மாவோடு முப்பது நிமிஷம் வைக்கிறேன். எந்த பிளாட்பாரத்தில் வண்டி வரும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அவளை ஆட்டோவிலிருந்து இறக்குவேன். இல்லாவிட்டால் மேம்பாலப் படியை இரண்டு தடவை ஏறி இறங்கவேண்டி வரும். டவுனில் வண்டி ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். அதனால் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று விசாரித்து, அந்த இடத்தில் முன்கூட்டியே உட்கார வைத்துவிடுவேன். ஜங்ஷனிலிருந்து கிளம்புகிற வண்டி என்றால் அது முன்னாடியே வந்து நிற்கும், நிதானமாக ஏற்றலாம். அதனால் அம்மாவோடு போகும்போது கொஞ்சம் நேரம் கூடினாலும் ஜங்ஷனில் கிளம்புகிற வண்டியைத்தான் இப்போது பார்க்கிறேன். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் முன்னாடியே போய்க் கேளுங்கள். வண்டி வந்தபிறகு கேட்டால் யாருக்கும் கை ஓடாது.

அம்மாவுக்கு முதலில் இதெல்லாம் கூச்சமாக இருந்தது. "நான் நடந்துருவேன் மக்களே, எல்லாரும் பாக்காவ" என்பாள். மூன்றாவது தடவை அவளே நாற்காலிக்காரத் தம்பியிடம் அவன் ஊரையும் குடும்பத்தையும் விசாரித்துக்கொண்டு போனாள்.

எனக்கு இதில் ஒரு ஆசை உண்டு. ஜங்ஷன், அண்ணா பஸ் ஸ்டாண்டு, வடசேரி, டவுன் ஸ்டேஷன் நாலையும் தொட்டுச் சுற்றுகிற ஒரு பஸ், அதுவும் காலை மாலை ரயில் நேரத்தை ஒட்டி ஓடவேண்டும். கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இடம் மாற்றவேண்டாம், பஸ்ஸை மட்டும் ரயிலுக்காக ஐந்து நிமிஷம் நிற்க வைத்தால் போதும். நாகர்கோவில் 2019-இலிருந்து மாநகராட்சி. வந்தே பாரத் 2024-இலிருந்து நம்ம ஜங்ஷன் வரை வருகிறது. சென்னையிலிருந்து அவ்வளவு வேகமாக வந்து இறங்குகிறவர், அதற்கப்புறம் மூட்டையோடு வாசலில் நின்று யோசிக்கிறாரே என்று பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. நாங்கள் சீசன்காரர்கள் கையெழுத்துப் போட்டு இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். மூன்றாவதும் கொடுப்போம். வாரத்தில் நாலு நாள் ரயிலில் போகிறவர் நீங்கள் என்றால் உங்கள் பகுதியிலும் எழுதிக் கொடுங்கள். எந்த வண்டி, எத்தனை பேர், எந்த பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நாங்கள் முதல் மனுவில் வசதி இல்லை என்று மட்டும் எழுதினோம். இரண்டாவதில் ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணி எழுதினோம். இரண்டாவதைத்தான் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

இந்த ஜூனில் அக்கா மகள் திருவனந்தபுரத்தில் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அவள் வீடு பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம். காலேஜ் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்வந்தோம். வடசேரியில் எந்த இடத்தில் அவள் பஸ் நிற்கும், டவுன் ஸ்டேஷனுக்கு எந்த வழியாக நடப்பது, தம்பானூரில் எந்த வாசல் என்று எல்லாம் காட்டினேன். கடைசியில் ஒரு சின்ன நோட்டையும் வாங்கிக் கொடுத்து நாலு கட்டம் போட்டுக் காண்பித்தேன். "இதெல்லாம் போன்ல இருக்கு மாமா" என்றாள். இருக்கட்டும், ஒரு மாதம் மட்டும் எழுது என்றேன்.

நேற்று சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு செய்தி. "இரணியல் ஆறே காலுக்கு விட்டாச்சு மாமா. பஸ் கிடைச்சிரும், அம்மாட்ட சொல்லிருங்க."